சிஸ்டர்

நர்சிங் முடித்து வருடங்கள் ஓடியும் வேலை கிடைக்காத ஜெபக்கனி, இன்னொரு நேர்காணலுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தாள். "சிஸ்டர்!" என்று எதிர் வார்டிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டதும் கால்கள் தாமாக எழுந்து ஓடின. குளுக்கோஸ் பாட்டில் காலியாகி, குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. குழாயை அடைக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டப் போனாள். காவலாளி குறுக்கே வந்து நின்றார்.

"நீ ஸ்டாஃபாம்மா?"

"இன்டர்வியூவுக்கு வந்தேண்ணே. ரத்தம் ஏறுது, பாருங்க."

"ஸ்டாஃப் வருவாங்க. எதையும் தொடாத. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளை உள்ளே அழைத்து, "அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். சுவருக்கு அப்பால் அந்தக் குரல் இன்னும், "சிஸ்டர்... சிஸ்டர்..." என்றது. மடியில் அவளுடைய கட்டைவிரல், அங்கே இல்லாத சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தது.