கூடுதலாக ஒரு கிணறு

"கொன்னது யாரும்மா?"

"அண்ணன்காரன்."

"எங்கே வெச்சு?"

"வயல்ல."

"அப்புறம்?"

"தூக்கிட்டுப் போய்க் கிணத்துல போட்டுட்டான்."

கேள்வி கேட்டவள் பேனாவைக் கீழே வைத்தாள். போச்சுடா, மறுபடியும் கிணறு!

போலீஸ் விசாரணையோ என்று பதற வேண்டாம். எழுத்தே இல்லாத சின்னச் சின்ன மொழிகளில் கிறிஸ்தவ வேதாகமத்தை மொழிபெயர்த்து எழுத ஆள் பழக்கும் கூடம் அது. இவள் அங்கே பயிற்சிக்கு வந்தவள். தான் பழகுவதற்காகப் பேச்சுத் தமிழில் பெயர்த்த பகுதியை, வேதக்கதை எதையும் கேட்டறியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்; அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விட்டுச் சொன்னாலும் தப்பு, கூட்டிச் சொன்னாலும் தப்பு. கேட்டவர் மேல் பழி போட முடியாது, எல்லாம் பெயர்த்தவள் தலையில்தான் விடியும்.

இவள் பங்குக்கு வந்தது, அண்ணன் தம்பியைக் கொன்ற கதை. அதில் வயல் உண்டு, ரத்தம் உண்டு. கிணறு கிடையவே கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, கூடத்து வேன் டிரைவரின் தாயார். டிரைவர் கலகலவென்று பேசுகிற மனுஷன். தம்பி வெளிநாட்டுக்குப் போனவன் ஒரு போன்கூடப் போடுவதில்லை, அம்மா அதிலேயே ஒடுங்கிப் போய்விட்டாள், நாலு பேரோடு பேசினால் தேறுவாள் என்று அவரேதான் கூட்டிவந்து விட்டிருந்தார்.

பயிற்சி ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். இவள் அவரிடம் போய், கதை கேட்ட மற்ற இரண்டு பேரும் சரியாகத்தானே சொன்னார்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

"ஒருத்தருக்குப் புரியலைன்னாலும் உன் வாக்கியம் சரியில்லைன்னுதான் அர்த்தம். சாயங்காலமும் கிணறு வந்தா, உன்னை மொழிபெயர்ப்பு ஊழியத்துக்கு அனுப்ப மாட்டேன்."

இவளோ பார்த்த வேலையை உதறிவிட்டு, அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தவள். போன வேகத்தில் திரும்பி வருவாய் பார் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினவர் அவர். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது?

மதியச் சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுதினாள். வயலிலே, அந்த வயலிலேயே, என்று குழந்தைக்குக்கூடப் புரிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

சாயங்காலம் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். உன் தம்பி எங்கே என்று கடவுள் அண்ணனைக் கேட்கிற இடம் வந்ததும், அம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு கதையைத் திருப்பிச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை, கடைசியில் வந்த கிணறும் பிசகவில்லை.

இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. வேதத்தில் இன்னொரு கதையில், அண்ணன்மார் சேர்ந்து தம்பியைக் குழியில் தள்ளுவார்களே! இந்த அம்மா எங்கேயோ அதைக் கேட்டுவிட்டு இதோடு கலக்கியிருக்கிறாள். அப்படியானால் தன் மேல் தப்பே இல்லை. போன உயிர் திரும்பி வந்தது இவளுக்கு.

"அம்மா, தம்பியைக் குழியில தள்ளுற கதை ஒண்ணு இருக்கு. யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? அதுல அந்தப் பையனை உயிரோட வெளியே எடுத்துடுவாங்க."

"உயிரோடவா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. மறு நிமிஷமே வாடிப்போயிற்று. அப்படி ஒரு கதையை யாரும் தனக்குச் சொன்னதில்லை என்று தலையை ஆட்டினாள்.

"அப்போ இந்தக் கிணறு எங்கேருந்தும்மா வந்துச்சு? நானும் எத்தனை தடவைதான் திருத்துவேன்?"

வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போக மகன் வந்துவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நீ எத்தனை தடவை திருத்தினாலும், என் சின்னவன் கிணத்துலதாம்மா கிடக்கான்."