சுடாத தோட்டாவின் வேகம்

தோட்டாவில் தானே வெடிமருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்க்கும் ஒருவர், குண்டின் வேகத்தை அளக்க ஒரு வேகமானி வைத்திருந்தார். அது காட்டும் எண்ணில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு வேகமானியை வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

"இரண்டில் எது தப்பாகக் காட்டுகிறதோ, அது குப்பைக்குப் போகும்" என்றார்.

பழைய வேகமானிக்கு அன்றோடு நிம்மதி போயிற்று. குண்டு பறக்கும்போதெல்லாம் அதன் கண் பக்கத்து எண்ணின் மேலேயே இருந்தது. கொஞ்சம் முன்பின் இருந்தால் தன் எண்ணைத் திருத்திக்கொண்டது. போகப் போக இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின.

இவன் என்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறானோ என்று பழையதற்கு உறுத்தியது.

"நீ நிஜமாகவே அளக்கிறாயா?" என்று கேட்டது.

"கேட்கிற ஆளைப் பார்" என்றது புதியது.

அடுத்த முறை அவர் துப்பாக்கியின் விசையை இழுத்தார். 'டிக்' என்று மட்டும் கேட்டது. இரண்டிலும் பளிச்சென்று ஒரே எண் வந்தது.

காதில் பஞ்சு வைத்திருந்த அவர், எண்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"குண்டு இன்னும் என் வயிற்றுக்குள்ளேதான் கிடக்கிறது" என்றது துப்பாக்கி.