இரண்டாவது சாவி

இரண்டு சாவிகளும் மேசைமேல் கிடந்தன.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்தவர் இரண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தார். கார் திருடு போனால் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்க வேண்டுமாம். நேற்று போன் வந்தபோதுதான் அவளுக்கே தெரியும்.

கார் அவள் பேரில் இருந்தது. ராசியான பேர் என்று சொல்லிக் கணவன்தான் அப்படி வாங்கினான். ஓட்டக் கற்றுத் தரச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள்.

அவினாசி ரோட்டு நெரிசலில் உன்னால் முடியாது என்றுவிட்டான்.

"ரெண்டாவது சாவி எங்கீங்க இருந்துச்சு?"

"பீரோவுலதானுங்க. எடுத்ததே இல்லை." கணவன் முந்திக்கொண்டான்.

பீரோவை அடுக்குவது அவள். அதில் கார் சாவி எதுவும் இருந்ததில்லை. நேற்று சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்துதான் அவன் அதை எடுத்துக் காட்டினான்.

வந்தவர் அந்தச் சாவியை அவள் பக்கம் நகர்த்தினார். பொத்தானில் இருந்த பூட்டுப் படம் பாதி அழிந்திருந்தது. கணவன் தினமும் எடுத்துப் போகிற சாவியைப் போலவே.

"இதும் புழங்கின சாவிங்க."

அவள் அந்தப் பொத்தானை விரலால் தடவிப் பார்த்தாள்.

சில நாள் ஓட்டுகிறவர் இருக்கை முன்னால் இழுத்துக் கிடக்கும். கேட்டால், சர்வீஸ் சென்டரில் இழுத்திருப்பார்கள் என்பான். அவளும் நம்பினாள்.

ஓட்டியவள் குள்ளச்சியா?

பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பான். கிளட்சை மெதுவாக விடு, பயப்படாதே, நான் இருக்கிறேன் என்று. அதே அவினாசி ரோட்டில்.

அவனுக்கு இன்னொருத்தி இருப்பது அப்புறம்தான் உறைத்தது. அந்த இன்னொருத்தியை ஓட்ட விட்டான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வந்தவர் படிவத்தை நீட்டினார்.

"பாலிசி உங்க பேர்ல. நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடோணும். உள்ளதை எழுதிக் குடுத்தீங்கன்னா, காரணமில்லாம நாங்க தட்டிக் கழிக்க முடியாதுங்க."

கணவன் தண்ணீர் குடித்தான்.

"யாரு ஓட்டியிருந்தாலும் தப்பில்லீங்கம்மா. லைசென்ஸ் இருந்தாப் போதும். மறைச்சாத்தான் கிளைம் போயிரும்."

வண்டியை ஓட்டுபவர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது.

ஞானசேகரன் என்று கணவனின் பெயரை எழுதினாள். நிதானமாக, கோணாமல்.

பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தாள்.

பேனாவை அவனிடம் கொடுத்தாள்.

"அடுத்த பேரு எனக்குத் தெரியாதுங்க. நீங்களே எழுதுங்க."