ஒரே தடவையில் படித்தது

"பிள்ளையை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டா வந்தீங்க?"

துஷாரா மிஸ் கேட்ட கேள்வியில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. சிவநந்தினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக மாத்தளை டவுனில் மாதாமாதம் நடக்கும் கூட்டம் அது. நடத்துபவர் துஷாரா மிஸ். அவருடைய கடைசிப் பையன் திவாகரனும் அப்படிப் பிறந்தவன்தான். எட்டு வயது. அவனைப் பக்கத்துக் கதிரையில் உட்கார வைத்துக்கொண்டுதான் மிஸ் பேசவே தொடங்குவார்.

"பூட்டல்ல மிஸ். தினுஷாவோட அப்பா வீட்லதான் இருக்காரு. ராவெல்லாம் தம்புள்ளைச் சந்தையில மரக்கறி மூட்டை ஏத்திட்டு வந்து தூங்குறாரு."

"தூங்குற மனுசன் நாலு வயசுப் பிள்ளையைப் பாப்பாரா? ஏன் கூட்டிட்டு வரல்ல, அதைச் சொல்லுங்க."

சொன்னாள். பக்கத்து வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அவள் கண்ணில் தினுஷா பட்டுவிடக் கூடாதாம். காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வாசலைத் தாண்டாமல் தங்கள் ஊர் பலாபத்வலயில் பஸ் ஏற முடியாது.

மிஸ்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காக்காவுக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பெத்த நீங்களே ஒளிச்சு வச்சா ஊரு எப்படிங்க மதிக்கும்? நாம எதைக் காட்டுறோமோ, அதைத்தான் இந்தப் பிள்ளைங்க படிக்கும். கும்பிடப் பழக்கச் சொன்னேனே, செய்யுதா?"

"தினமும் காட்டுறேன் மிஸ். கையைச் சேர்க்கவே மாட்டேங்குது."

"விடாம காட்டுங்க. தையில நேசரி ஸ்கூல் தொடங்குனதும் கொண்டு போய்ச் சேருங்க. யாராவது முடியாதுன்னு சொன்னா, பிள்ளையைத் தூக்கிட்டு நேரா என் வீட்டுக்கு வாங்க. எந்த நாளுன்னாலும் சரி. நானே வந்து பேசுறேன்."

திவாகரன் எழுந்து வந்து சிவநந்தினியைப் பார்த்து அழகாகக் கும்பிட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தாய் என்றால் இந்த அம்மாவைப் போல இருக்க வேண்டும், நானும் ஒரு தாயா என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தை பிறந்தது. தினுஷாவுக்குப் புதுச் சட்டை போட்டு, முதுகில் ஒரு குட்டிப் பேக்கை மாட்டி நேசரிக்குக் கூட்டிப்போனாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் நேசரி டீச்சர். "மத்த அம்மாமாரு ஒத்துக்க மாட்டாங்க. நம்ம பிள்ளைங்களும் அதைப் பாத்து அப்படியே செய்யும்னு இப்பவே சொல்றாங்க. குறை நினைக்காதீங்க."

அதற்குள் தினுஷா ஒரு சின்னக் கதிரையைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிட்டாள். எழும்ப மறுத்தாள். கதிரையைப் பிடித்திருந்த விரல்களைத் தாயே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. மற்ற அம்மாமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முன்பென்றால் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பாள். இன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். மிஸ் இருக்கிறார். மிஸ் வந்து நின்றால் அந்த நேசரியே எழுந்து நிற்கும்.

மிஸ் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. படியில் நிறையச் செருப்புகள். பட்டுச் சேலையும் மல்லிகையுமாக வெளியே வந்த மிஸ், இவர்களைக் கண்டதும் கதவைப் பின்னால் சாத்தினார்.

"என்னா நந்தினி, சொல்லாமக் கொள்ளாம?"

"நேசரியில முடியாதுன்னுட்டாங்க மிஸ். நீங்கதானே வரச் சொன்னீங்க..."

"யாருங்க வந்திருக்கிறது?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"பக்கத்து வீட்டு ஆளுங்க. சீனி கேட்டு வந்திருக்காங்க!"

 மிஸ் சிவநந்தினியின் கையைப் பிடித்துப் பின்னாலே குசினிப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனார்.

"என் பெரிய மகளைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. கண்டி ஆளுங்க. வந்த எடமெல்லாம் தட்டிப் போச்சு நந்தினி. இதுவும் போனா அவ தாங்க மாட்டா. கோவிச்சுக்காதீங்க. அவங்க போற வரைக்கும் இந்த ரூமுல இருங்க. பிள்ளை சத்தம் போடாம மட்டும் பாத்துக்குங்க."

அந்த அறைக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். மிஸ் அதைத் திறந்து, இருவரையும் உள்ளே விட்டு, மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டார்.

ஜன்னல் சாத்திய அறை. கட்டில் ஓரத்தில், பிஸ்கட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திவாகரன் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. கதவைத் தட்டவில்லை. தினுஷாவைப் பார்த்ததும் சந்தோஷமாக நகர்ந்து இடம் கொடுத்தான்.

சிவநந்தினிக்கு மிஸ்மேல் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. மிஸ்ஸுக்கே இந்தக் கதியென்றால் தான் எங்கே போவது?

ஹோலில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்ட தினுஷாவும் குஷியாகி, "ஆ!" என்று கத்தினாள்.

திவாகரன் பதறி எழுந்தான். அவள் முகத்துக்கு நேரே வந்து, விரலை உதட்டில் வைத்துக் காட்டினான்.

"ஷ்... ஆளு வந்திருக்கு."

தினுஷா அவனையே பார்த்தாள்.

எத்தனை நாள் காட்டியும் கும்பிடப் படிக்காத பிள்ளை, தன் குட்டி விரலைத் தூக்கி உதட்டில் வைத்துக்கொண்டது. ஒரே தடவையில் படித்துவிட்டது.