ஈ காக்கா வராத குளம்

குகைக்குள் இருந்த ஊற்றுக் குளத்தில் குளிக்க, இடுப்பில் துண்டோடு இரண்டு மணி நேரமாக வரிசையில் நின்றதில் கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

முன்னால் நின்ற ஆட்டோக்காரர் வாரப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே புலம்பினார். “‘ஈ காக்காகூட வராத குளம், ஒரே நாளில் போய் வரலாம், செலவோ சொற்பம்’னு எழுதியிருக்கான் சார்!”

“எழுதினவன் கையில கிடைச்சா, இந்தத் தண்ணியிலயே அமுக்கணும்!” என்று பல்லைக் கடித்தார் கண்ணாடிக்காரர்.

மனைவி அவரைக் கிள்ளினாள். “போதுங்க, அதை எழுதினதே நீங்கதானே?” என்று காதில் கிசுகிசுத்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ஆபீஸ்ல உக்காந்து அடிச்சு விட்டதுடி. வாசகர்கள் எல்லாம் ஆஹா ஓஹோன்னு கடிதம் போட்டாங்களா... நானும் நம்பிட்டேன்!”