ஆந்தைக்கு விளக்கு எதற்கு

"கடைசியில ஆந்தைப் பாட்டு வாசிக்கிறப்ப எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லிட்டேன்" என்றார் குழுத் தலைவர், வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டே.

செல்லோ என்ற பெரிய வயலினைக் காலிடுக்கில் வைத்து வாசிப்பவள் அந்த நால்வர் குழுவின் செல்லோக்காரி. இதை அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னதால்தான் அவளுக்குத் தெரிந்தது. இல்லாவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது.

அவளுக்கு இரண்டு மாதமாகக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. தன் செல்லோவின் அதிர்வு முழங்காலிலும் நெஞ்சிலும் தெரியும். மற்ற மூவர் என்ன வாசிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய வில்லைப் பார்த்துத்தான் பிடிப்பாள். பேச்சுக்கு உதட்டசைவு. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் கணவர். வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார், அவ்வளவுதான்.

வெளியே தெரிந்தால் அன்றோடு வேலை போய்விடும். போன வருடம் விரல் மரத்துப்போன ஒருவரை அரங்க மேலாளர் இடைவேளையிலேயே வீட்டுக்கு அனுப்பினார். "இது கச்சேரி மேடை, ஆஸ்பத்திரி இல்ல" என்று வேறு சொன்னார். அந்த மகராசன் இன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நால்வருக்கும் அடுத்த வருட ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பதை இந்தக் குழந்தைகள் கச்சேரியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.

மேலாளரையாவது சமாளித்துவிடலாம். அவளுக்குப் பயமெல்லாம் தலைவர்மேல்தான். பாட்டுக்கு ஒரு பிராணி என்று கச்சேரி நடத்தும் யோசனையே அவருடையது. ஆந்தைப் பாட்டின் சுரங்களை எழுதிய நோட்டு கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அன்றிலிருந்து அவளைத் தனியாக உட்காரவைத்து நாற்பது தடவையாவது வாசிக்கச் சொல்லியிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதே நோட்டு தன் முன்னாலும் இருக்க, எந்த இடத்தில் வேகம் குறைய வேண்டும் என்று போட்டிருக்கிறது, படித்துச் சொல் என்று அவளையே கேட்பார். பேசும்போது முகம் பாதி நேரம் சுவரைப் பார்த்திருக்கும். உதட்டைப் படிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிடும். போதாததற்கு இந்த மாதம் தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த மனுஷன் மோப்பம் பிடிச்சிட்டார். ஒரு நாள் எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கப்போறார், பாருங்க" என்று நேற்று கணவரிடம் அழுதிருந்தாள்.

இப்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "இருட்டுல சின்னப் பிள்ளைங்க பயப்படுமேண்ணா."

"பயந்தா அம்மா மடியில ஏறிக்குவாங்க." அவர் அவள் காதுக்கு அப்பால் எங்கோ பார்த்தார். "உனக்கென்னம்மா பயம்?"

அவள் வில்லை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேடைக்குள் யானைக்கூட்டம் மாதிரி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நுழைந்தார்கள். அதுவும் அவர் ஏற்பாடுதான். அவளுக்குப் பின்னால் அவர். திருடியைக் கூட்டிப்போகும் போலீஸ்காரர் மாதிரி அப்படி ஓர் இறுக்கமான பிடி. குழந்தைகள் வாயைப் பிளந்து சிரிப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

தவளை வந்தது, குதிரை வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று விற்களையும் மாறிமாறிப் பார்த்து வாசித்துத் தப்பித்தாள். யானைப் பாட்டில் குழந்தைகள் எல்லாம் எழுந்து தங்தங்கென்று மிதித்தபோது மரத்தரை அதிர்ந்து அவள் நாற்காலி வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவளுக்குக் கணவரின் மிதி ஞாபகம் வந்தது. தலைவருக்குக் குதிகாலால் தாளம் போடும் பழக்கம் உண்டு. யாரும் பார்க்காமல் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

விளக்குகள் அணைந்தன.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. தன் கையே தெரியவில்லை. உள்ளங்காலில் மெல்ல ஓர் அதிர்வு தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. அதைப் பிடித்துக்கொண்டு வில்லைப் போட்டாள். பாதி தூரம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று தரையெல்லாம் குழம்பியது. இருட்டில் எந்தப் பிள்ளை ஓடியதோ, எத்தனை பிள்ளைகள் ஓடினவோ, அவர் குதிகால் எது என்று தெரியவில்லை. முதுகில் வியர்வை வழிந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டே கண்மூடித்தனமாக வாசித்தாள்.

எண்ணி முடித்ததும் வில்லை எடுத்துவிட்டாள். எல்லோரும் முடித்துவிட்டார்களா, அவள் மட்டும் நடுவில் நிறுத்திவிட்டாளா? மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

பளீரென்று எல்லா விளக்குகளும் எரிந்தன. அரங்கமே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. மேலாளரும் தட்டினார். மற்ற இருவரும் எழுந்து சிரித்துக்கொண்டே தலைவணங்கினார்கள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தலைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மேடை விளக்கு நேராக அவர் முகத்தில் அடித்தது. அவர் இமைகூட அசையவில்லை. அவருடைய இடது கை காற்றில் துழாவி, அவள் தோளைத் தொட்டதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அவள் பக்கம் குனிந்த அந்த உதடுகளை இந்தத் தடவை அவளால் ஓர் எழுத்து விடாமல் படிக்க முடிந்தது:

"லைட்டப் போட்டுட்டாங்களாம்மா?"