பெர்லினில் பெய்த மழை

"அப்பா, அந்த வெள்ளைக்காரன் உங்கட காதுல நல்லாப் பூச்சுத்தியிருக்கான். இந்தாங்க, நீங்களே பாருங்க!"

புஸ்பராணி ஒரு போட்டோக்கொப்பித் தாளை நீட்டினாள். கீழே, பார்க்டேல் தெருவில் வீட்டுச் சாமான் ஏற்றிய வான் வண்டி காத்து நின்றது. நகரத்தின் மறுகோடியில், மில்லிக்கனில் வாங்கிய வீட்டுக்கு இன்றைக்குக் குடிபோகிறார்கள். அவளுடைய அப்பா கந்தப்போடி மட்டும் வெறும் அறையின் நடுவில், மிஞ்சிய ஒரே கதிரையில் அசையாமல் இருந்தார்.

"என்ன புள்ள இது?"

"லைப்ரரியில எடுத்தனான். முப்பத்தாறாம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக். கூடைப்பந்தை முதல் முதல் ஒலிம்பிக்கில சேர்த்த வருசம். கனடா டீமில விளையாடின எல்லாருட பேரும் இதில கிடக்கு. தானும் அதில விளையாடினவன் எண்டு சொன்ன உங்கட மூணாம் மாடி ஹரோல்டுட பேர் மட்டும் இல்ல!"

கந்தப்போடி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் தன்னைக் காரில் கொண்டுவந்து ஹரோல்டின் வாசலில் இறக்கிவிட வேண்டும். அதற்கு ஓம் என்றால்தான் கதிரையை விட்டு எழும்புவாராம்.

பாவம், அவரும் என்னதான் செய்வார்? மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. கனடாவுக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில், 'சாப்பிட்டீங்களா' என்பதைத் தாண்டி அவரோடு இருந்து கதைத்த ஒரே மனிதர் ஹரோல்ட்தான். அவரும் மனைவியை இழந்து தனியே கிடப்பவர். மில்லிக்கனில் கார் ஓடத் தெரியாதவனுக்கு வீடே மறியல்தான், வெளியே போக வழியில்லை.

"ஒரு பொய்யனைப் பார்க்க நான் ஒவ்வொரு சனியும் இவ்வளவு தூரம் ஓடோணுமா? அமெரிக்கா பத்தொன்பது, கனடா எட்டு எண்டு நேரில நிண்ட மாதிரி அளந்திருக்கானே!"

"ஸ்கோர் சரிதானே."

"அப்பா! நீங்க மட்டக்களப்பில ஃபாதர்மாருட பள்ளிக்கூடத்தில கூடைப்பந்துத் தரைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மனுசன். விளையாட்டு தெரிஞ்ச உங்களையே ஏமாத்திப்போட்டான் எண்டுதான் எனக்கு வயித்தெரிச்சல்."

கந்தப்போடி சிரித்துவிட்டார். "ஆர் புள்ள ஏமாந்தது? அவர் விளையாடல்ல எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"என்னது?"

"முதல் நாள் அவர் சொன்ன கதையில பெரிய மண்டபம், பளபளக்கிற பலகைத் தரை. எங்கட அமெரிக்கன் ஃபாதர் எத்தனை தரம் சொல்லியிருக்கார், அந்த ஃபைனல் வெட்டவெளியில, டென்னிஸ் ஆடுற மண் தரையில, கொட்டுற மழைக்குள்ள நடந்தது எண்டு. சேத்தில பந்து துள்ளவே இல்லையாம். பிற்பாதியில ரெண்டு பக்கமும் நாலு நாலு பொயின்ற்தான். அதெல்லாம் ஹரோல்டுக்குத் தெரியாது. மூணாவது கிழமைதான் அவருட பெர்லினில மழை பெஞ்சது. எங்கயோ தேடி வாசிச்சிட்டு வந்திருக்கார்."

"தெரிஞ்சுகொண்டேவா தலையாட்டினீங்க?"

"தலையாட்டினது மட்டுமா? 'ஐயோ, என்ன மழை!' எண்டு கவலையும் பட்டனான்."

புஸ்பராணிக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "மில்லிக்கனிலயும் எங்கட ஆக்கள் இருக்காங்க அப்பா. உண்மை பேசுற மனுசராப் பார்த்துப் பழகுங்களன். வாய் திறந்தாப் பொய் சொல்லுற ஆளோட என்ன சிநேகிதம்?"

அவருடைய சிரிப்பு நின்றது. தாளை மடித்து அவளிடமே கொடுத்தார்.

"அவரைக் குறை சொல்லாத, புள்ள. நான் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒரு மாசமா ஒருத்தரும் என்ட முகத்தைப் பார்க்கல்ல. லிஃப்ற்றில எல்லாரும் நம்பரைத்தான் பார்ப்பாங்க. ஒருநாள் அதுக்குள்ளேயே எனக்கு அழுகை வந்திட்டுது. அண்டைக்கு அவர்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்து, ஊரில என்ன செய்தனீர் எண்டு கேட்டார்."

"அதுக்கு?"

"சுண்ணாம்புக் கோடு போட்டவனோட எவன் ரெண்டாம் தரம் கதைப்பான்? சிலோன் கூடைப்பந்து டீமுக்கு நான்தான் கப்டன் எண்டு சொல்லிப்போட்டன். அதைக் கேட்ட பிறகுதான் புள்ள, அந்த மனுசன் பெர்லினுக்கே போனவர்!"